பிரியாணி கொண்டுவரும் ஸ்விக்கி இல்லை, இவர் நியூட்ரான் நட்சத்திரத்தைச் சொன்ன ஸ்விக்கி!

ஸ்விக்கி என்றதும் நமக்குப் பிரியாணிதான் ஞாபகம் வரும். இவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. 1898-ல் பல்கேரியாவின் வர்னா நகரில் பிறந்தவர். அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். ஆறு வயதில் சுவிட்சர்லாந்தின் கிளாருஸுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். சூரிச்சில் இயற்பியல் முடித்து, 1925-ல் அமெரிக்காவின் கால்டெக் போனவர், கடைசிவரை கலிஃபோர்னியாவாசிதான். ஆனால் சுவிஸ் குடியுரிமையை மட்டும் விடவே இல்லை.

நியூட்ரான் என்ற துகளையே 1932-ல்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருட டிசம்பரிலேயே, ஸ்விக்கியும் ஜெர்மானியரான வால்டர் பாடேயும் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி நொறுங்கி, நியூட்ரான்களால் ஆன சின்ன உருண்டையாகிவிடும் என்பதுதான் அது. அந்த வெடிப்புக்கு ‘சூப்பர்நோவா’ என்று பெயர் வைத்ததும் இந்த ஜோடிதான். இன்றைய கணக்கில், சூரியனைவிட அதிக எடை வெறும் 20 கி.மீ. அகல உருண்டைக்குள் அடங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் இதைச் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு சின்னப் பொருளை எந்த டெலஸ்கோப்பில் பார்ப்பது? ஸ்விக்கியின் வாயும் ஒரு காரணமாக இருந்திருக்கும். யாரையும் விட்டுவைக்காமல் திட்டுவார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பாடேயையே நாஜி என்று சொல்லும் அளவுக்குப் பகை முற்றியது. இதில் கொடுமை என்னவென்றால், 1942-ல் நண்டு நெபுலாவின் நடுவில் இருந்த ஒரு நட்சத்திரத்தை, வெடிப்பின் மிச்சம் இதுதான் என்று சுட்டிக்காட்டியவர் பாடே. அது சரி என்று நிரூபணமாகும் முன்பே, 1960-ல் இறந்துபோனார்.

1967-ல் கேம்பிரிட்ஜில், சீராகத் துடிக்கும் ரேடியோ சிக்னல் ஒன்று பதிவானது. அடுத்த ஆண்டு நண்டு நெபுலாவிலும் அப்படி ஒன்று, நொடிக்கு 30 முறை! வேறு எந்த நட்சத்திரமாவது இந்த வேகத்தில் சுற்றினால் சிதறிவிடும்.

1969-ல் அதே இடத்திலிருந்து எக்ஸ்ரே துடிப்பும் கிடைத்தது. எக்ஸ்ரேயை நம் காற்று மண்டலம் தடுத்துவிடும் என்பதால் ராக்கெட்டில் கருவியை அனுப்பித்தான் பிடிக்க முடிந்தது. அங்கே சுழலும் காந்தப்புலம் எலக்ட்ரான்களை அசுர வேகத்தில் விரட்டுகிறது, அவைதான் எக்ஸ்ரேயை உமிழ்கின்றன. சுழற்சிதான் பேட்டரி மாதிரி.

1971-ல் உஹுரு செயற்கைக்கோள் காட்டிய சென்டாரஸ் எக்ஸ்-3 கதை வேற. 4.8 நொடிக்கு ஒரு துடிப்பு. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துச் சாப்பிடுகிறது. பூமியைவிட சுமார் லட்சம் கோடி மடங்கு வலுவான காந்தப்புலம், அந்த வாயுவைத் துருவங்களுக்கு மட்டும் திருப்பிவிடுகிறது. மோதிய இடம் கோடிக்கணக்கான டிகிரி சூடாகி எக்ஸ்ரே கொட்டுகிறது. நட்சத்திரம் சுழலச் சுழல, கலங்கரை விளக்கம் போல அது நம் பக்கம் வந்து வந்து போகிறது.

இதையெல்லாம் கேட்கும்வரை ஸ்விக்கி உயிரோடு இருந்தார். 1974 பிப்ரவரி 8 அன்று காலமானார். அதே வருடக் கடைசியில், பல்சர் கண்டுபிடிப்புக்காக ஆண்டனி ஹியூவிஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துடிப்பை முதலில் கவனித்த மாணவி ஜோசலின் பெல்லுக்கு அதில் பங்கு தரவில்லை.