நான் தவறாகச் சொன்ன கதை

அண்மையில் என் பேரன் ஒரு மடிக்கணினி வாங்க விரும்பினான். கடைக்குச் செல்வதற்கு முன் பத்து நாள்கள், கருவிகளை மதிப்பிடும் காணொலிகளை யூடியூபில் பார்த்துக்கொண்டே இருந்தான். பெட்டியைப் பிரிக்கும்போதே ஒருவர் வியந்து கூவுகிறார். அதே கருவியை மற்றொருவர் பயனற்றது என்று ஒதுக்குகிறார். எந்த மென்பொருள் நல்லது, எந்த விளையாட்டு விரைவாக இயங்கும், எந்தத் திரை கண்ணை உறுத்தாது என ஆளுக்கொரு தீர்ப்பு. அருகில் அமர்ந்திருந்த எனக்கு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே பணியைக் குரல் உயர்த்தாமல் செய்த ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். அவர் பெயர் கேரி கில்டால்.

அவருக்கு நான் ஒரு திருத்தம் கடன்பட்டிருக்கிறேன். கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், முற்றுரிமை குறித்த பாடத்தை அவரது கதையோடுதான் தொடங்குவேன். உலகின் மிகப்பெரிய கணினி நிறுவனம் ஒப்பந்தத்தோடு வாசலில் நின்றபோது, அவர் தம் சிறு விமானத்தில் உல்லாசமாக வானில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வாய்ப்பு பில் கேட்ஸுக்குப் போயிற்று. ஒருவர் பெருஞ்செல்வர் ஆனார், மற்றவர் மறக்கப்பட்டார் என்பேன். வகுப்பு சிரிக்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிப்பேன். ஓய்வு பெற்ற பிறகு கில்டாலின் வாழ்க்கையை நிதானமாகப் படித்தபோதுதான், நான் கற்பித்தது பாடமன்று, வதந்தி என்பது புரிந்தது.

கில்டால் 1942-இல் சியாட்டில் நகரில் பிறந்தார். அவர் குடும்பம் அங்கே கடல்வழி அறியும் கலையை மாலுமிகளுக்குக் கற்பிக்கும் பள்ளியை நடத்திவந்தது. கணித ஆசிரியராகும் எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரைக் கணினி ஈர்த்துக்கொண்டது. கலிபோர்னியாவின் மான்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1972-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். கம்பைலர்கள் உருவாக்கும் நிரல்களைச் செம்மைப்படுத்துவது குறித்து அவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. தொழிலதிபர் ஆவதற்கு முன்பே அவர் ஆசிரியர், ஆய்வாளர். நான் வகுப்பில் சொன்ன கதையில் இந்த மனிதருக்கு இடமே இருந்ததில்லை.

அன்று கணினி என்பது அறையை அடைத்துக்கொள்ளும் நிறுவனச் சொத்து. இன்டெல் 1971-இல் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியைக் கருவிகளுக்குள் பொருத்தும் ஒரு சில்லாகவே பலரும் பார்த்தனர். அதற்குள் ஒரு தனிமனிதக் கணினி ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்ட சிலருள் கில்டால் ஒருவர். இன்டெலுக்கு ஆலோசகராகி, நுண்செயலிகளுக்கான பிஎல்/எம் என்ற நிரல்மொழியை உருவாக்கினார். நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டுச் சேமித்த காலம் அது. மெதுவான அந்த நாடாவுக்கு மாற்றாக நெகிழ்வட்டைப் பயன்படுத்த எண்ணிய கில்டால், ஷுகார்ட் நிறுவனத்திடமிருந்து ஒரு வட்டு இயக்கியைப் பெற்றார். அதைக் கணினியோடு இணைக்கும் மின்சுற்றை நண்பர் ஜான் டொரோட் அமைத்துக் கொடுத்தார். வட்டிலுள்ள கோப்புகளை ஆள்வதற்காக 1974-இல் கில்டால் எழுதியதே சிபி/எம் என்ற இயங்குதளம். அதை இன்டெல் வாங்கிக்கொள்ள ஆர்வம் காட்டவில்லை.

அந்த மென்பொருளின் தொடக்க காலச் சோதனைக்களங்களுள் ஒன்று, நம்மைப் புன்னகைக்க வைக்கும். நம் ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடையோடு பலனும் அச்சிட்ட அட்டையைத் தரும் இயந்திரங்கள் இருந்தன அல்லவா? அதைப் போலப் பிறந்த தேதியைக் கொடுத்தால் சோதிடப் பலனை அச்சிடும் ஓர் இயந்திரத்துக்காகச் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் கில்டால் நிரல் எழுதினார். வணிகத்தில் அது தோற்றது. ஆனால், பொதுமக்கள் கைவைக்கும் பொழுதுபோக்குக் கருவி எப்படியெல்லாம் சிக்கிக்கொள்ளும் என்பதை அவருக்கு அது கற்பித்திருக்கும்.

மனைவி டோரத்தி மெக்கவெனோடு சேர்ந்து பசிபிக் குரோவ் என்ற கடற்கரைச் சிற்றூரில் அவர் தொடங்கிய நிறுவனமே டிஜிட்டல் ரிசர்ச். சிபி/எம் இயங்குதளத்தைக் கணினி ஆர்வலர்களின் இதழில் விளம்பரம் செய்து, 70 டாலருக்கு அஞ்சலில் விற்றனர். ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதமாக இருந்ததால், ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் மற்றொன்றில் ஓடாது. மீட்டர் பாதையும் அகலப்பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்குகளை இறக்கி ஏற்றிய காலத்தை நம் தலைமுறை அறியும். கணினியுலகில் அந்தச் சிக்கலுக்குக் கில்டால் ஓர் எளிய தீர்வு கண்டார். வன்பொருளுக்கேற்ப மாறும் பகுதியைத் தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். புதிய கணினி வந்தால் அந்தச் சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மற்றவை அப்படியே ஓடும். மென்பொருளுக்கென்று ஒரு பொதுச் சந்தை உருவாக இது பெரிதும் வழிவகுத்தது. பொருளியல் ஆசிரியன் என்ற முறையில், இதை ஒரு தொழில்நுட்ப உத்தி என்பதைவிடச் சந்தையைப் படைத்த செயல் என்றே கருதுகிறேன்.

இனி, நான் தவறாகச் சொன்ன பகுதிக்கு வருகிறேன். 1980-இல் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினிக்கு இயங்குதளம் தேடியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தை அணுகியபோது, அங்கிருந்து கில்டாலிடம் அனுப்பப்பட்டது. ஐபிஎம் அதிகாரிகள் வந்த நாளில் கில்டால் விமானத்தில் சென்றது உண்மை. ஆனால், அது உல்லாசப் பயணமன்று. ஒரு வாடிக்கையாளரைச் சந்திக்கச் சென்ற பணிப் பயணம். கணினி நிறுவனங்களுடனான பேச்சை வழக்கமாகக் கவனித்தவர் டோரத்தியே. ஐபிஎம் நீட்டிய, ஒருதலைச் சார்பான இரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்திட அவரும் வழக்கறிஞரும் தயங்கினர். அன்று பிற்பகல் தாம் திரும்பிவந்து பேச்சில் கலந்துகொண்டதாகக் கில்டால் கூறிவந்தார். ஐபிஎம் தரப்பினரின் நினைவு அதோடு ஒத்துப்போகவில்லை. எப்படியாயினும், உரிய விதிமுறைகளில் உடன்பாடு ஏற்படவில்லை.

மைக்ரோசாஃப்ட் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்காக டிம் பேட்டர்சன் எழுதிய இயங்குதளத்தை அது விலைக்கு வாங்கியது. சிபி/எம் மென்பொருள்களை எளிதில் மாற்றி எழுதுவதற்காக, அதன் கட்டளை அமைப்பை ஒட்டியே அந்த இயங்குதளம் எழுதப்பட்டிருந்தது. கில்டால் எதிர்ப்புத் தெரிவித்ததும், சிபி/எம் இயங்குதளத்தையும் சேர்த்து விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆனால், 1981 ஆகஸ்ட் மாதம் கணினி அறிமுகமானபோது பிசி டாஸ் 40 டாலர். சில மாதங்கள் தாமதமாக வந்த சிபி/எம்-86 விலையோ 240 டாலர். ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் இரு பொருள்களுக்கு இடையே ஆறு மடங்கு விலை வேறுபாடு இருக்குமானால், போட்டியின் முடிவு தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பிற கணினி நிறுவனங்களுக்கும் தன் இயங்குதளத்தை விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தக்கவைத்துக்கொண்டது. எதைப் பலர் பயன்படுத்துகிறார்களோ அதற்கே மென்பொருள் பெருகும். எதற்கு மென்பொருள் பெருகுகிறதோ அதையே மேலும் பலர் வாங்குவர். இதுவே வலையமைப்பு விளைவு. இதையெல்லாம் ஒரு பிற்பகல் விமானப் பயணத்தில் அடக்கிச் சொன்னது என் பிழை.

தோற்ற பிறகும் கில்டால் முடங்கவில்லை. 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் என்ற தொலைக்காட்சித் தொடரை ஸ்டூவர்ட் செய்ஃபெட்டோடு இணைந்து வழங்கினார். இணைய ஆவணக் காப்பகத்தில் அந்த நிகழ்ச்சிகளை இன்றும் காணலாம். வாரம் ஒரு பொருள்: அச்சுப்பொறி, மோடம், விளையாட்டு, கல்வி மென்பொருள். தாடி வைத்த அந்தப் பேராசிரியர் புகழவும் அவசரப்படுவதில்லை, இகழவும் அவசரப்படுவதில்லை. கருவி எவ்வாறு இயங்குகிறது, அதனால் பயனாளிக்கு என்ன கிடைக்கும் என்பதிலேயே அவர் கவனம். தாமே மென்பொருள் விற்பவராக இருந்தும், போட்டியாளர்களின் படைப்புகள் தம் மேசைமீது இடம்பெறுவதை அவர் தடுக்கவில்லை. குறுந்தகட்டில் முழுக் கலைக்களஞ்சியத்தையும் அடக்க முடியும் என்று நம்பி அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம், 1985-இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தை அவ்வாறே வெளியிட உதவியது.

1991-இல் டிஜிட்டல் ரிசர்ச் நோவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கில்டால் வறுமையில் வாடவில்லை; வசதியாகவே வாழ்ந்தார். அவரை அரித்தது வேறொன்று. 1992-இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தின் கணினித் துறை ஆண்டு விழாவுக்கு அவரும் அழைக்கப்பட்டார். சிறப்புரை ஆற்றும் வாய்ப்போ பில் கேட்ஸுக்கு வழங்கப்பட்டது. அந்த வேதனையில்தான் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். வானில் சுற்றப்போனவர் என்ற கதையை வாழ்நாள் முழுவதும் மறுத்து மறுத்துச் சலித்தார். 1994 ஜூலையில் மான்டெரே மதுவிடுதி ஒன்றில் தலையில் அடிபட்டு, மூன்று நாள்களில் இறந்தார். அப்போது அவருக்கு 52 வயது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் முற்பகுதி, பிள்ளைகளின் இசைவோடு 2016-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

வென்றவர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பேரம் பேசுவதும் ஒரு திறமைதான். ஆயினும், சந்தையின் தீர்ப்பையே அறிவின் தீர்ப்பாகக் கொள்வது ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யும் பெரும்பிழை. சந்தை ஒரு பொருளுக்கு விலை சொல்லும். அதைப் படைத்தவரின் தகுதியைச் சொல்லாது. தோற்றவரின் கதையைச் சுவைக்காகச் சுருக்கும்போது, ஒரு மனிதரின் உழைப்பை ஒரு நகைச்சுவையாக மாற்றிவிடுகிறோம். நான் அதைப் பல தொகுப்பு மாணவர்களிடம் செய்திருக்கிறேன். அவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்கள். என் கதையை அவர்களும் தம் வகுப்புகளில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

பேரன் இறுதியில் மடிக்கணினியை வாங்கி வந்தான். திறந்ததும் அதன் சேமிப்பகத்தில் சி என்ற எழுத்து தெரிந்தது. ஏன் அது ஏ-யில் தொடங்கவில்லை என்று கேட்டான். ஏ, பி ஆகிய எழுத்துகள் ஒரு காலத்தில் நெகிழ்வட்டுகளுக்கு உரியவை என்றும், வட்டுகளை எழுத்துகளால் அழைக்கும் வழக்கம் சிபி/எம் வழியாக டாஸுக்கும், அங்கிருந்து விண்டோஸுக்கும் வந்தது என்றும் விளக்கினேன். பிறகு கேரி கில்டாலின் கதையைச் சொன்னேன். இம்முறை விமானத்தில் தொடங்கவில்லை. கடல்வழி கற்பித்த ஒரு குடும்பத்தில் தொடங்கினேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).