தோனாவூர் அம்மை

உடுக்கையொலியோடு அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்த பொள்ளாச்சிப் பக்கத்தாராகிய நமக்கு, பங்காளிகளின் பகைக்கு அஞ்சி மறைத்து வளர்க்கப்பெற்ற பொன்னரும் சங்கரும் புதியவரல்லர். அயர்லாந்து தேசத்தாரிடத்தும் பிள்ளை மறைதலைப் பற்றிய நம்பிக்கையொன்று இருந்தது, அது கொடியது. மண்மேடுகளில் உறையும் அணங்குகள் வீட்டுப் பிள்ளையைக் கவர்ந்து, அதன் உருவில் தம்மினத்தது ஒன்றை விட்டுச்செல்லும் என்பர். நோயுற்ற பிள்ளையை இத்தகைய மாற்றுப்பிள்ளையென ஐயுற்று, நெருப்புக் காட்டித் துரத்த முயன்றோரும் உண்டு. 1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், டிப்பரெரிப் பகுதியில் பிரிஜெட் கிளியரி என்னும் இளம்பெண்ணைத் தன் மனைவியல்லள், மாற்றுருவே என்று கூறிக் கணவனே எரித்தான்.

அதே ஆண்டின் இறுதியில் அத்தேசத்துப் பெண்மணியொருவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அவரே ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867 டிசம்பர் 16-இல் மில்லைல் என்னும் கடற்கரையூரில் பிறந்தவர். நீலக்கண் வேண்டுமெனச் சிறுவயதில் இரவில் ஜெபித்து, விடிந்ததும் கண்ணாடியில் தம் பழுப்பு விழிகளையே கண்டு ஏங்கினாராம். பிற்காலத்தில் சேலையுடுத்து, மேனிக்குச் சாயம் பூசி, கோயிற்புறங்களில் உண்மையறியச் சென்றபோது அவ்விழிகளே அவரைக் காத்தன என்பர்.

1901 மார்ச்சு 7-இல் திருநெல்வேலிச் சீமையில் பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி அவரிடம் வந்தாள். கோயிலுக்கு ஒப்புவிக்கப்பெற்றவள். முன்னொருமுறை தாயிடம் ஓடியும், தாயே திருப்பியனுப்பினாள்; தண்டனையாகக் கைகள் சுடப்பட்டன. அணங்கின் பெயராலாயினும் தெய்வத்தின் பெயராலாயினும் தீ ஒன்றே. அம்மையார் அச்சிறுமியை யாருடையவள் என்று ஆராயாது மடியில் ஏற்றார். அவ்வாறு தொடங்கியதே தோனாவூர் இல்லம். 1918 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது.

உறவினர் வழக்காடினர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார் என்ற பழியும் எழுந்தது. அதனை நாம் எளிதில் ஒதுக்குவதற்கில்லை; பழைய பெயரையும் ஊரையும் நினைந்து இரவில் அழுத பிள்ளைகளும் அங்கிருந்திருப்பர். ஆயினும், பிரீனாவின் கைகளைக் கண்டபின் அவளைத் திருப்பியனுப்ப நம்மில் யார் துணிவோம்?

தாயகம் திரும்பாமலே ஐம்பத்தைந்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். 1931-இல் விழுந்து அடிபட்டபின் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே எழுதினார். தேவதாசி முறையைத் தடுத்த 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தையும் கண்டார். 1951 ஜனவரி 18-இல் காலமானார். கல்லறைக்கல் வேண்டாவென்றவருக்கு, பறவைகள் நீரருந்தும் தொட்டியொன்றையே பிள்ளைகள் வைத்தனர். அதில் அம்மை என்னும் சொல் பொறிக்கப்பெற்றுள்ளது.