வாய் திறக்கப் பழக்கிய வாத்தியார்



நான் எழுத்தாளன் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதின கையோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். இங்கே ஜேர்மனியில் பாண் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாய் இரவு வேலை. மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்து அண்ணை ஒருவர் கேட்டபோது, எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு வாத்தியார். அவர் நம்மவர் இல்லை. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். பெயர் மெல்வின் ரொல்சன்.

அவரை நான் தேடிப் போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். போன வருடம் நம் சங்கத்தின் பேச்சுப் போட்டியில் என் மகளுக்கு முதலாம் பரிசு கிடைத்தது. பேச்சை எழுதிக் கொடுத்தது நான். பிள்ளை ஒரு மாதமாய் மனப்பாடம் செய்தாள். கையை எங்கே தூக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வரை நான்தான் பழக்கினேன். பரிசு கொடுத்த ஐயா அன்போடு ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பேசியதில் அவளுக்குப் பிடித்த விஷயம் எது என்பதுதான் கேள்வி. பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. சபை கைதட்டிச் சமாளித்து விட்டது. எனக்கு அன்று நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்தப் பார்வை என்னுடைய பார்வை. தொழிற்சாலைக் கூட்டங்களில் நானும் இப்படித்தான் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருவேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு படம் பார்த்தேன். 2007இல் டென்சல் வாஷிங்ரன் இயக்கி நடித்தது. அது ரொல்சனைப் பற்றிய படம். அதன் பிறகு நூலகத்திலும் தேடி வாசித்தேன்.

ரொல்சன் 1898இல் மிசூரி மாநிலத்தில் மோபர்லி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் மெதடிஸ்த போதகர். சபை மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. பென்சில்வேனியாவில் இருக்கிற லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்து 1923இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடம் ரெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற சிறு ஊருக்கு, வைலி கல்லூரிக்கு ஆங்கிலமும் பேச்சுக்கலையும் படிப்பிக்கப் போனார். அந்தக் கல்லூரி, அடிமைத்தனம் ஒழிந்து சில வருடங்களில், 1873இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

அந்தக் காலத்து ரெக்சாஸ் எப்படிப்பட்டது என்று நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் வேறு, பஸ்ஸில் இருக்கை வேறு, தண்ணீர்க் குழாய் வேறு. கறுப்பரைக் கும்பல் பிடித்துக் கொண்டுபோய் மரத்தில் தூக்கினால் கேட்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் புத்தி என்று பெற்றோரே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ரொல்சன் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விவாதக் குழு ஒன்றை உண்டாக்கினார்.

அவர் பழக்கிய விதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆரம்பத்தில் அவரும் என்னைப் போலத்தான். பேச்சு முழுவதையும் தானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். கை அசைவு, நிறுத்தம் எல்லாம் அவர் சொன்னபடி. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் தேறத் தேற, எதிராளி என்ன சொல்லுவான் என்பதை முன்கூட்டியே யோசித்துப் பதில் தேடப் பழக்கினார். தானே எதிர்ப்பக்கம் நின்று அவர்களோடு வாதாடினார். நூலகத்தில் இருந்து வாசிக்க வைத்தார். தன்னுடைய வாதத்தில் ஓட்டை எங்கே என்று தெரியாதவன் மேடை ஏறக்கூடாது என்பதே அவருடைய பாடம்.

1930இல் சிக்காகோவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவரோடு அவருடைய பிள்ளைகள் ஒரே மேடையில் வாதாடினார்கள். கறுப்பு மாணவரும் வெள்ளை மாணவரும் அப்படி எதிர் எதிரே நிற்பது அந்த நாளில் பெரிய அதிசயம். அந்தக் குழுவில் ஹென்றியெற்றா பெல் என்ற ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். 1935இல் லொஸ் ஏஞ்சலசுக்குப் போய், நாட்டின் சாம்பியனாய் இருந்த தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை வென்றார்கள். படத்தில் ஹாவாட் என்று மாற்றிக் காட்டுகிறார்கள். உண்மையில் நடந்தது இதுதான். வென்றும் அந்தப் பட்டம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விவாதச் சங்கத்தில் கறுப்பரின் கல்லூரியை அப்போது சேர்ப்பதில்லை. அந்த வருடம் அமெரிக்கக் கல்லூரிகள் விவாதித்த தலைப்பு, நாடுகளுக்கிடையில் ஆயுதம் விற்பதைத் தடுக்க வேண்டுமா என்பது. யுத்தத்தில் வீடு இழந்து வந்த எனக்கு அதை வாசிக்கையில் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

ரொல்சன் மேடையோடு நின்றவரும் இல்லை. பிறருடைய காணியில் விளைச்சல் பங்குக்கு உழைத்த ஏழை விவசாயிகளை, கறுப்பர் வெள்ளையர் இருபகுதியையும், ஒன்று சேர்க்க ஓடித் திரிந்தார். அந்த ஊரில் அது உயிருக்கு ஆபத்தான வேலை. 1947இல் ஒக்லஹோமாவில் உள்ள லாங்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்தச் சிறு ஊருக்கு நான்கு தடவை மேயராகவும் இருந்தார். கவிதையிலும் பெரிய ஆள். ஆபிரிக்க நாடான லைபீரியா அவரைத் தன் அரசவைக் கவிஞராக்கியது. கடைசிப் பெரிய கவிதை நூல் 1965இல் வந்தது. அடுத்த வருடம், 1966 ஓகஸ்ட்டில், புற்றுநோயால் காலமானார்.

ஒரு வாத்தியாரின் சொத்து அவருடைய மாணவர்தானே. ஜேம்ஸ் பார்மர் 14 வயதில் வைலிக் கல்லூரிக்கு வந்து அவரிடம் விவாதம் பழகியவர். 1942இல் இனச் சமத்துவத்துக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1961இல் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பஸ்ஸில் தெற்கு மாநிலங்களுக்குப் போன அந்தப் பயணங்களை நடத்தியது அந்த இயக்கம்தான். அடி, நெருப்பு, சிறை எல்லாம் கண்டார்கள். கைத்துப்பாக்கி இல்லாமல் வென்றார்கள்.

இன்னொருவர் ஹீமன் ஸ்வெற். அவர் வைலியில் படித்து முடித்துத் தபால்காரராய் வேலை செய்தவர். 1946இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்துச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் மறுத்தார்கள். வழக்குப் போட்டார். 1950இல் உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்க்கும்படி தீர்ப்புக் கொடுத்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு அதுவும் ஒரு படிக்கல். கடிதம் கொண்டு திரிந்த ஒரு மனிசன் எழும்பி நின்று கேட்டதால் வந்தது அது.

இதெல்லாம் வாசித்த பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தலைப்பு. மகள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். பாதியில் பக்கம் மாறுவோம். தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை தேவையா என்ற தலைப்பில், தேவையில்லை என்ற பக்கத்துக்கு அவள் சொன்ன காரணங்கள் எனக்குக் கசப்பாக இருந்தன. ஆனால் அவை அவளுடைய சொந்தக் காரணங்கள். சொந்தத் தமிழ். பக்கம் மாறி வாதாடும்போது அவள் தேவை என்று சொன்ன காரணமும் நான் எழுதிக் கொடுத்தது இல்லை.

நானும் ஒரு காரியம் செய்தேன். இரவு வேலை நேரத்தை எங்களைக் கேளாமல் மாற்றியது பற்றி, தொழிற்சாலைக் கூட்டத்தில் கை உயர்த்தினேன். அவர்கள் என்ன பதில் சொல்லுவார்கள் என்பதை முதல்நாளே மகளோடு இருந்து யோசித்து வைத்திருந்தேன். டொச் பிழைதான், காலும் நடுங்கியது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நான் இருந்த பக்கம் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் முடிய ஒரு போலந்துக்காரன் வந்து கை தந்தான்.

சங்கத்துப் பெரியவர்களிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். அடுத்த பேச்சுப் போட்டியில் பேச்சு முடிந்த பிறகு பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அதற்கும் புள்ளி போடுங்கள். முதல் வருடம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பெற்றோராகிய நாங்கள் அதைவிடத் தடுமாறுவோம். பரவாயில்லை. ரொல்சனின் பிள்ளைகளும் மனப்பாடத்தில்தான் தொடங்கினார்கள்.