நிச்சயமற்ற கடலில் வ.உ.சி.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டபோது, அதற்குச் சொந்தமாக ஒரு கப்பல்கூட இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்தது. அதனை எதிர்த்துக் கப்பல் விட முனைந்தவர் 34 வயது வழக்கறிஞர் ஒருவர். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் அந்த முடிவைத் துணிச்சல் என்றும் தியாகம் என்றும் நூறாண்டுகளாகப் போற்றி வருகிறோம். ஆனால், அதை ஒரு பொருளியல் முடிவாக நாம் எடைபோட்டது மிகக் குறைவு.

பொருளியலில் இடர் வேறு, நிச்சயமின்மை வேறு. பகடையை உருட்டினால் ஆறு விழுவதற்கான வாய்ப்பு ஆறில் ஒரு பங்கு, இது இடர். இதற்குக் கணக்கு உண்டு, காப்பீடும் செய்து கொள்ளலாம். அடுத்த ஆண்டு அரசு என்ன செய்யும், போட்டியாளர் எந்த எல்லை வரை போவார் என்பனவற்றுக்கு அப்படியொரு விகிதம் கிடையாது, இது நிச்சயமின்மை. அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் இந்த வேறுபாட்டை 1921-ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சுதேசிக் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது.

அண்மைக்கால நரம்பியல் ஆய்வுகள் இந்த வேறுபாடு மனித மூளையிலும் பதிந்திருப்பதைக் காட்டுகின்றன. வெற்றி வாய்ப்பின் விகிதம் தெரிந்த சீட்டுக்கட்டையும் தெரியாத சீட்டுக்கட்டையும் முன்வைத்து, மூளையின் இயக்கத்தைப் படம்பிடித்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. விகிதம் தெரியாதபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவும் கண்குழிக்கு மேலே அமைந்த முன்மூளைப் புறணியும் கூடுதலாக இயங்கின. அப்புறணியில் சேதமடைந்தவர்களிடமோ நிச்சயமின்மையைக் கண்டு ஒதுங்கும் இயல்பு காணப்படவில்லை. இதற்கு முன்னரே, 1994-இல், அமெரிக்காவின் அயோவாவில் நடந்த சீட்டாட்டச் சோதனையில், முன்மூளையின் அடிப்பகுதியில் சேதமுற்றவர்கள் பெரிய பரிசு தரும் கட்டையே நாடி, தொடர்ந்து நட்டமடைந்தும் வழியை மாற்றிக்கொள்ளாமல் இருந்தனர். ஆக, ஆபத்தை உணராமையும் துணிவும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். வ.உ.சி. இவற்றில் எந்த வகை என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞர் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொண்டு, பின்னர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். பத்திரங்களையும் ஒப்பந்தங்களையும் வரிவரியாகப் படித்துப் பழகிய அந்தக் கண், கப்பல் நிறுவனத்தின் அமைப்பிலும் தெரிகிறது.

முதலீடு 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை எடுத்துக்கொண்டார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். வ.உ.சி. தமக்கு வைத்துக்கொண்டது உதவிச் செயலாளர் பதவி. சூதாட்ட மனம் கொண்டவர் செய்கிற ஏற்பாடா இது? இழப்பு நேர்ந்தாலும் ஒருவர்மீதே விழுந்து நசுக்கிவிடாதபடி, பல்லாயிரம் பங்குகளாக அதைப் பகுத்து வைத்திருக்கிறார். கணக்கிடக்கூடிய இடர் அனைத்தையும் அவர் கணக்கிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

கணக்கில் அடங்காதது விரைவிலேயே வந்தது. முதலில் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். ஆங்கில நிறுவனத்தின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்தது. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பல் வாடகைக்கு வந்தது. பிறர் கப்பலை நம்பினால் பிறர் விருப்பத்தையும் நம்ப வேண்டும் என்பதை வ.உ.சி. அப்போது கண்டுகொண்டார். பம்பாய் சென்றார், திலகரின் உதவியும் கிடைத்தது. 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாயின.

அதன்பின் நடந்த கட்டணப் போர் பரவலாக அறியப்பட்டது. ஆங்கில நிறுவனம் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசி நிறுவனம் எட்டணாவுக்கு இறங்கியது. எதிர்த்தரப்பு கட்டணமே வேண்டாம் என்றது. போதாதென்று பயணிகளுக்குக் குடையும் இலவசமாகக் கொடுத்தது. இது போட்டியாளரைச் சந்தையைவிட்டே விரட்டுவதற்கான விலை. பல கடல்வழிகளில் ஈட்டிய ஆதாயத்தைக் கொண்டு ஒரு வழியின் நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்க ஒரு தரப்பால் முடியும். மற்றத் தரப்புக்கு இருந்ததோ அந்த ஒரு வழிதான். (அரசின் ஆதரவோடு 2011 ஜூனில் தொடங்கிய தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் சேவை, விலைப்போர் எதுவும் இல்லாமலேயே அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது.)

நட்டம் பெருகும்போது பங்குதாரர் மனம் எப்படி இயங்கும் என்பதையும் இன்று ஓரளவு அறிவோம். 100 ரூபாய் ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் இழப்பு தரும் வலி பெரிது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினர். மூளைப் படப்பதிவுகளும் பின்னர் அதற்கு ஆதரவாகவே அமைந்தன. நிறுவனத்தின் இயக்குநர்கள் சிலர் வ.உ.சி.யின் அரசியல் ஈடுபாட்டை விரும்பவில்லை. அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். கையிலிருப்பது கரைவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்த நேரத்தில்தான் 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தினார். ஆலையை நடத்திய ஹார்வி நிறுவனமே ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் தூத்துக்குடி முகவர். வேலைநிறுத்தம் வென்றது, கூலி உயர்ந்தது. வணிக நோக்கில் மட்டும் பார்த்தால், கட்டணப் போரில் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு இரண்டாவது போர்முனையைத் திறந்தது தவறான முடிவு. ஆனால், கப்பலையும் ஆலையையும் அவர் தனித்தனிக் கணக்குகளாக எழுதவில்லை. இரண்டுக்கும் ஒரே பேரேடுதான்.

1908 மார்ச் 12 அன்று சுப்பிரமணிய சிவாவோடு வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட கொந்தளிப்பில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மொத்தம் 40 ஆண்டுகள். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், கோவையிலும் கண்ணூரிலும் சிறைவாசம் நீண்டது. கோவைச் சிறையில் செக்கிழுத்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1961-இல் வந்த திரைப்படம் அக்காட்சியை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது.

திரைப்படத்தில் இடம்பெற முடியாத ஒன்றைப் பொருளியலாளர் கவனிக்க வேண்டும். 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவர் இழக்கக்கூடியது அதிகபட்சம் அந்த 25 ரூபாய்தான். வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற சட்ட ஏற்பாடு அப்படிப்பட்டது. நான் வசிக்கும் ஏனாத்தூரை அடுத்த காஞ்சிபுரத்திலும் இத்தகைய எல்லை ஒன்றைக் காணலாம். கூலிக்கு நெய்பவர் பாவையும் ஊடையையும் சரிகையையும் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பெறுகிறார். வெள்ளி விலை சரிந்தால் இருப்பு வைத்திருப்பவருக்கு நட்டம், ஏறினால் ஆதாயமும் அவருக்கே. நெசவாளர் கணக்கில் கூலி மட்டுமே நிற்கும். சுதேசி நிறுவனத்தில் பங்குதாரர் அனைவருக்கும் எல்லை இருந்தது. எல்லை இல்லாத பொறுப்பு உதவிச் செயலாளர் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. அது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதன்று. அரசு அவரைக் குறிவைத்தபோது தானாக வெளிப்பட்டது. நிச்சயமின்மை முழுவதும் ஒரே மனிதர்மீது குவிந்திருந்த நிறுவனம், அவர் அகற்றப்பட்டதும் நிற்க இயலாமல் போனதில் வியப்பில்லை. 1911-இல் அது கலைக்கப்பட்டது. கப்பல்களில் ஒன்று எந்த நிறுவனத்தை எதிர்த்து வாங்கப்பட்டதோ, அதனிடமே விற்கப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சி.யிடம் வழக்கறிஞர் உரிமம் இல்லை. சென்னையில் சிறு வணிகங்கள் செய்தார், எதுவும் நிலைக்கவில்லை. முடிவுகளை அவற்றின் விளைவை மட்டும் வைத்து அளப்பது மனித இயல்பு. தோற்ற நிறுவனத்தை நடத்தியவருக்குக் கடன் கொடுக்கவும் ஊர் தயங்கும். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்காகத் திரட்டிய பணம் 347 ரூபாய் 12 அணா, காந்தியின் வழியாக 1916-இல்தான் வந்துசேர்ந்தது. அதற்காக அவர் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் பரிவால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வழக்குகள் நடத்தினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். 1932-இல் மீண்டும் தூத்துக்குடிக்கு வந்து, 1936 நவம்பர் 18 அன்று அங்கேயே மறைந்தார். அன்றும் அத்துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.