சக்கர நாற்காலியில் அமர்ந்து சிகிச்சை செய்த டாக்டர்

கேரளத்தில் கொச்சியை அடுத்த செராயில் 1925-ல் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணியில் சேர்ந்தார். 1954 ஜனவரியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு பழுதுபட்டு, இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

கால்கள் போயினும் கைகள் இருந்தன. டாக்டர் பால் பிராண்டு ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைவிரல்களை அறுவை சிகிச்சையால் சீர்படுத்தினார். தன் கால்களை இழந்தவர், பிறர் கைகள் மீண்டும் வேலை செய்ய வழிசெய்தார்.

பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கான தனிப் பிரிவை நடத்தினார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும் மற்றவர்களும் அங்கே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், அதைத் தாமே உருட்டவும், காலில் காலிப்பர் பூட்டி ஊன்றுகோலுடன் நிற்கவும், கைத்தொழில் செய்யவும் பழகினர்.

1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார் 1986-ல் காலமானார். வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஏர்பேடு, ரேணிகுண்டா பகுதிகளில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு வேலூர் தொலைவில் இல்லை. ரயிலில் காட்பாடி போய் இறங்கினால் போதும். வேலையில் விழுந்து கால் முடங்கியவரை வீட்டு மூலையில் கிடத்திவிடாமல் அங்கே அழைத்துச் செல்வது உற்றார் கடமை.