மனை வேண்டா மாமனிதர்

லால் பகதூர் சாஸ்திரி 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வாரணாசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். விடுதலைப் போரில் பங்கேற்றுப் பலமுறை சிறை சென்றார்.

அலகாபாத்தில் அவர் நகராட்சி உறுப்பினராகவும், நகர மேம்பாட்டுக் கழக உறுப்பினராகவும் தொண்டாற்றினார். ஒருமுறை அக்கழகம் தாகூர் டவுன் பகுதியில் வீட்டுமனைகளை விற்க முற்பட்டது. அவ்வேளையில் சாஸ்திரி வெளியூர் சென்றிருந்தார். அவருக்குச் சொந்த வீடு இல்லை என்பதை அறிந்த நண்பர் ஒருவர், அவர் பெயரில் ஒரு மனைக்கு ஏற்பாடு செய்தார். ஊர் திரும்பிய சாஸ்திரி மகிழவில்லை, வருந்தினார். விலை கொடுத்தே வாங்குவதாயினும், மனைகளை மக்களுக்கு வழங்கும் பொறுப்பில் உள்ளவர் அவற்றுள் ஒன்றைத் தாமே பெறுதல் முறையன்று எனக் கருதினார். அம்மனையைத் திருப்பி அளித்தார்.

1964இல் அவர் இந்தியாவின் பிரதமரானார். அப்போதும், கார் வாங்குவதற்கு வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். கடன் தீருமுன், 1966ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் தாஷ்கண்டில் மறைந்தார். அவர்தம் துணைவியார் லலிதா அம்மையார், தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அக்கடனை அடைத்தார்.

நாட்டையே ஆண்ட சாஸ்திரிக்கு இறுதிவரை சொந்த வீடு இல்லை. பதவி என்பது பிறர்க்குப் பயன்படவே அன்றித் தமக்குப் பொருள் சேர்க்க அன்று என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.