பூட்ஸ் இல்லாமல் லண்டனில் ஆடிய இந்திய அணி: கேப்டன் டாலிமெரன் ஆவ் யார்?

நாகூர் சில்லடி கடற்கரைப் பக்கம் சாயங்காலம் போனால், கால்பந்து ஆடுகிற பசங்களில் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் இருப்பார்கள். ஆனால் ஜெர்சி மட்டும் பக்காவாக இருக்கும். முதுகில் பெயரும் நம்பரும். நெஞ்சில் ஊர் ஜவுளிக்கடை பெயரோ, டிராவல்ஸ் பெயரோ, சிங்கப்பூரில் தொழில் செய்கிற ஒரு சபுராளியின் கம்பெனி பெயரோ இருக்கும். செவன்ஸ் போட்டி வருகிறது என்றால் டீமில் முதலில் எழும் கேள்வி யார் கோல்கீப்பர் என்பதல்ல, இந்த வருஷம் ஜெர்சிக்கு யார் ஸ்பான்சர் என்பதுதான். ஜெர்சிக்கு ஆள் கிடைத்துவிடும். பூட்ஸுக்குத்தான் கிடைக்காது. அதில் யார் பெயரையும் அச்சடிக்க முடியாதே!

இதே விஷயம் அமெரிக்காவில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது தெரியுமா? அங்கே கல்லூரி மாணவர்கள் போடுகிற சீருடைக்கே கோடிகளில் ஒப்பந்தம். கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கும் அண்டர் ஆர்மர் நிறுவனத்துக்கும் 2016-ல் போட்ட ஒப்பந்தம் 15 ஆண்டுக்கு 28 கோடி டாலர். 2020-லேயே அந்த நிறுவனம் விலகிக்கொண்டது, அது வேறு கதை. அந்தச் சட்டையைப் போட்டு ஆடுகிற மாணவன் தன் பெயரை வைத்து நேரடியாகச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியதே 2021-ல்தான்.

நம் நாட்டிலும் ஒரு கல்லூரி மாணவர் இருந்தார். கால்பந்து ஆடிக்கொண்டே டாக்டருக்குப் படித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன். அவருடைய அணியில் பெரும்பாலானோர் காலில் பூட்ஸே கிடையாது. அது ஏன் என்பதற்கு இணையத்தில் சுற்றுகிற பதில், ஏழை நாடு, வாங்கக் காசில்லை என்பது. அது சரியான பதில் இல்லை.

பாதிரியாரின் மகன்

டாலிமெரன் ஆவ் பிறந்தது 1918 ஜனவரி 28-ல், இன்றைய நாகாலாந்தில் உள்ள சாங்கி கிராமத்தில். அப்போது அந்தப் பகுதி அஸ்ஸாமோடு சேர்ந்த நாகா மலை மாவட்டம். அப்பா கிறிஸ்தவப் பாதிரியார். வீட்டில் 12 பிள்ளைகள். 1935-ல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். மகன் டாக்டராகி சொந்த மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசி ஆசை என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். பிறகு ஆவ் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்த ஆசை தெரிகிறது.

குவாஹாத்தியில் காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். கால்பந்து மட்டுமில்லை, தடகளத்திலும் கெட்டி. அங்கே கூடப் படித்த சரத் தாஸ் கடைசி வரை நண்பர். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று ஆர்.ஜி. கர் என்று நாம் கேள்விப்படுகிற அதே கல்லூரிதான். அடுத்த வருஷமே மோகன் பகான் கிளப்பில் சேர்ந்தார். காலையில் வார்டு, சாயங்காலம் மைதானம். சரத் தாஸ், ஷைலேன் மன்னா, ஆவ் மூவரும் இருந்த மோகன் பகான் தடுப்பு வரிசையைத் தாண்டுவது லேசில்லை. சீக்கிரமே கேப்டனும் ஆனார். சம்பளம்? அது அமெச்சூர் காலம். கால்பந்தை வைத்துப் பிழைப்பு நடத்த முடியாது.

சரி, ஏன் வெறுங்கால்?

இதற்கு 1911-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஜூலை 29-ல் மோகன் பகான், கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ ஷீல்டை வாங்கியது. பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சிப்பாய்களுக்கு எதிராக ஆடிய 11 பேரில் 10 பேர் வெறுங்காலில் ஆடினார்கள். அந்த வெற்றிக்குப் பிறகு வெறுங்கால் ஒரு குறை இல்லை, பெருமை என்று ஆகிவிட்டது.

பெருமை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்து பூட்ஸ் இன்றைக்கு நாம் பார்க்கிற மெல்லிய ஷூ இல்லை. கணுக்காலை மூடுகிற கனமான தோல். முனை கட்டையாக இருக்கும். மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். சின்ன வயதிலிருந்து விரலாலும் பாதத்தாலும் பந்தைத் தொட்டுப் பழகியவனுக்கு அதை மாட்டினால் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் கணுக்காலில் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஆக, அது அவர்களாகத் தேர்ந்தெடுத்த ஆட்டமுறை. ஒரே சிக்கல் ஈரம். தரை நனைந்தால் வெறுங்கால் வழுக்கும், ஸ்டட்ஸ் வழுக்காது. கல்கத்தா மழைக்காலத்தில் ஆடியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

1948 ஜூலை 29. மோகன் பகான் ஷீல்டு வென்று சரியாக 37 வருஷம். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒலிம்பிக் தொடக்க விழா. சுதந்திர நாடாக முதல் முறை இந்தியா நடந்து வருகிறது. முன்னால் தேசியக் கொடியைப் பிடித்து வந்தவர் 30 வயது ஆவ், இன்னும் எம்பிபிஎஸ் முடிக்காத மாணவர்.

இரண்டு நாள் கழித்து லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்ஸோடு ஆட்டம். இந்திய அணியில் 8 பேர் வெறுங்காலில் ஆடினார்கள். பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் இந்தியாவுக்காகச் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன். அதுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல். கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளை ஷைலேன் மன்னாவும் மகாவீர் பிரசாத்தும் வீணாக்கினார்கள். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்தது. 1-2.

தோற்ற அணிக்குக் கைதட்டல் குவிந்தது. ஏன் பூட்ஸ் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்க, நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால் என்கிற மாதிரி ஆவ் ஒரு போடு போட்டார். மறுநாள் அதுதான் தலைப்பு. இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல பதில்தான். ஆனால் அந்த ஒரு வரியின் ருசியில் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நூலிழையில் தோற்றதை வெற்றி மாதிரிக் கொண்டாடியதில், ஐரோப்பாவின் குளிரிலும் ஈரப் புல்லிலும் வெறுங்கால் தாங்குமா என்கிற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

1952 ஹெல்சிங்கியில் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்த அணியில் ஆவ் இல்லை. குளிரில் யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்துத் துவைத்தது. அதன் பிறகுதான் கால்பந்துச் சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நான்கே வருஷத்தில், 1956 மெல்போர்னில், பூட்ஸ் போட்ட இந்திய அணி அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பிடித்தது.

இடையில் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்கும் வெறுங்கால்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. பிரேசிலுக்கு நீண்ட கப்பல் பயணம், பயிற்சிக்கு நேரமின்மை, உலகக் கோப்பையை விட ஒலிம்பிக்கே பெரிது என்ற எண்ணம் என்று காரணங்கள் நிறைய. பூட்ஸ் தலையில் பழியைப் போடுவது சுலபம், அவ்வளவுதான்.

அதே வருஷங்களில் ஜெர்மனியில்

இந்தியா இல்ஃபோர்டில் ஆடிய அதே 1948-ல்தான், அண்ணன் தம்பி சண்டையில் பிரிந்துபோன ருடால்ஃப் டாஸ்லர் ஜெர்மனியில் ப்யூமாவைத் தொடங்கினார். தம்பி ஆடி டாஸ்லர் 1949-ல் அடிடாஸைப் பதிவு செய்தார். ஆடியின் மகன் ஹோர்ஸ்ட், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு ஷூக்களை இலவசமாகக் கொடுத்தார். அமெச்சூர் வீரனுக்குக் காசு கொடுக்கக் கூடாது, ஆனால் ஷூ கொடுக்கலாமே! இன்றைய ஸ்பான்சர் வியாபாரம் வளர்ந்தது இந்தச் சந்தில்தான். ஆவின் அணி இன்னும் பத்து வருஷம் கழித்துப் போயிருந்தால் யாராவது ஒரு கம்பெனிக்காரர் பெட்டியோடு ஹோட்டல் வாசலில் நின்றிருப்பார். இந்திய அணிக்கே நைக்கி 2006-லிருந்து 12 வருஷம் ஜெர்சி கொடுத்தது. பிறகு சிக்ஸ்5சிக்ஸ், 2023 முதல் பெர்ஃபார்மேக்ஸ்.

ஒலிம்பிக்குக்குப் பிறகு ஆர்சனல் கிளப் ஆவை அழைத்ததாகவும் அவர் மறுத்துவிட்டதாகவும் வடகிழக்கில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார் என்பது மட்டும் உறுதி. 1950-ல் எம்பிபிஎஸ் முடித்தார். கொஞ்ச நாளில் மைதானத்தை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார். 1953-ல் கொஹிமாவில் அரசு டாக்டர். நாகாலாந்து 1963-ல் தனி மாநிலமானபோது சுகாதாரத் துறை இயக்குநர். 1978-ல் ஓய்வு. அப்பா கேட்டதைச் செய்து முடித்திருந்தார்.

1998 செப்டம்பர் 13-ல் இறந்தார். படித்த காட்டன் கல்லூரியில் ஓர் உள்விளையாட்டு அரங்கத்துக்கும், அஸ்ஸாமின் கலியாபோரில் ஒரு மைதானத்துக்கும் அவர் பெயர். வடகிழக்கு மாநிலங்களுக்கான ஒரு கால்பந்துக் கோப்பையும் 2009 முதல் அவர் பெயரில் உண்டு. அதில் ஆடுகிற எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும். விதி அப்படி.